பல்கலைக்கழகத்தில் எனக்கொரு வேலை

ஸ்கூடாய் பக்கம் குடியிருப்பவர்களுக்கு ஒரு தனிக் கர்வம் உண்டு. கோலாலம்பூர்க்காரர்களுக்கு இரட்டைக் கோபுரம், பினாங்குக்காரர்களுக்கு நாசி கண்டார். எங்களுக்கு மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம், சுருக்கமாக யூடிஎம். ஆயிரம் ஹெக்டேருக்கு மேல் பரந்து கிடக்கும் அந்த வளாகத்துக்கும் இருபதுக்கு எழுபது அடியில் நிற்கும் என் வீட்டுக்கும் நடுவே அதிக தூரமில்லை. யாராவது வழி கேட்டால், "யூடிஎம் தெரியுமில்ல? அது நம்ம வீட்டுக்குப் பக்கத்திலதான்" என்பேன். அதுதான் என் வீட்டுக்குப் பக்கத்தில் வந்து குடியேறியதாகக் கேட்பவருக்குத் தோன்றும்.

அதில் ஓரளவு உண்மையும் இருக்கிறது. தன் வேரை 1904இல் கோலாலம்பூரில் இருந்த தொழில்நுட்பப் பள்ளிவரை கொண்டுபோகிற அந்த நிறுவனம், 1975 ஏப்ரல் முதல் தேதி பல்கலைக்கழகமாகி, எண்பதுகளில்தான் இந்தப் பக்கம் வந்து சேர்ந்தது. நான் பிறந்ததே ஜொகூரில். வயதில் அது மூத்தது என்றாலும் ஊரில் நான்தான் மூத்தவன். 2010இல் அரசாங்கம் அதை ஆராய்ச்சிப் பல்கலைக்கழகமாக அறிவித்தது. நாடு முழுவதும் அந்தத் தகுதி ஐந்துக்குத்தான். மலாயா, தேசிய, அறிவியல், புத்ரா ஆகிய நான்கும் 2006இலேயே வாங்கிவிட்டன. ஐந்தாவது எங்கள் ஊருக்குக் கிடைத்ததைக் கொண்டாடும் விதமாக, நான் மாணவர்களுக்கு விட்டிருந்த மாடி அறைக்கு இருபது வெள்ளி வாடகை கூட்டினேன். ஆராய்ச்சித் துறையில் என் பங்களிப்பு அன்றைக்கே தொடங்கிவிட்டது.

சினாய்த் தொழிற்பேட்டையில் ஸ்தோர் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். ஓய்வு பெற்றதும் சிலர் கோயில் கமிட்டியில் சேருவார்கள், சிலர் கோழி வளர்ப்பார்கள். எனக்கு வேலை விளம்பரம் படிக்கும் பழக்கம் வந்துவிட்டது. வேலை தேடுகிற வயதில் அதைப் படித்தால் வயிறு கலங்கும். வேலையே வேண்டாம் என்றான பிறகு படித்துப் பாருங்கள், அதற்கு ஈடான வாசிப்பு கிடையாது. அதிலும் பல்கலைக்கழக விளம்பரத்துக்குத் தனி ருசி. ஒட்டுக்கடைக்கு ஆள் வேண்டுமென்றால் அட்டையில் நான்கு சொல் எழுதிக் கட்டித் தொங்கவிடுவார்கள். பல்கலைக்கழகத்துக்கு ஆள் வேண்டுமென்றால் பதவி, கிரேடு, சம்பள அளவு, துறை, துறைக்குள் துறை, அதற்குள் நிபுணத்துவம் என்று விரிந்துகொண்டே போகும். கடைசி வரியில், தேர்வுப் பட்டியலில் உள்ளவர்களுக்கு மட்டுமே அழைப்பு வரும், வராதவர்கள் தாங்களாகவே புரிந்துகொள்ளவும் என்று நாசூக்காகச் சொல்லியிருப்பார்கள். எத்தனையோ கல்யாணப் பேச்சுகளை இப்படி முடிக்கத் தெரியாமல்தான் நம்மவர்கள் பகையாகிப் போனார்கள்.

கிரேடு எண்களில் எனக்கு ஒரு பித்து. அப்போதெல்லாம் டிஎஸ் 51 என்றால் மூத்த விரிவுரையாளர். டிஎஸ் 53, 54 இணைப் பேராசிரியர். பேராசிரியர் ஆகிவிட்டால் விகே 7. அதற்கும் மேலே போனால் விகே 6, பிறகு விகே 5. ஏறிக்கொண்டே போன எண் பேராசிரியர் ஆனதும் ஏன் இறங்குகிறது என்று பக்கத்து வீட்டு பாக்சிக்கிடம் கேட்டேன். அவர் ஓர் ஆய்வுக்கூடத்தில் உதவியாளராக இருந்து பென்சன் வாங்குபவர். "மேலே போகப் போக நாற்காலி குறையும்" என்று மலாயில் சொல்லிவிட்டுச் செடிக்குத் தண்ணீர் ஊற்றப் போனார். நிர்வாக அதிகாரி என் 41, கிராணி என் 19 என்று எல்லாவற்றையும் மனப்பாடம் செய்துவைத்திருந்தேன். கல்யாண வீட்டில் பக்கத்து நாற்காலிக்காரரிடம், "தம்பி என்ன கிரேடு?" என்று கேட்டு, பதிலை வைத்து அவர் சம்பளத்தை அவருக்கே சொல்லும் அளவுக்குத் தேறியிருந்தேன். 2024 டிசம்பர் முதல் தேதி அரசு ஊழியர்களுக்குப் புதிய சம்பள முறை வந்தது. ஒரே இரவில் என் 41 என்பது என் 9 ஆனது. என் 19 என்பது என் 1 ஆனது. நாடெங்கும் லட்சக்கணக்கானவர்களுக்குச் சம்பளம் கூடியது. என் ஒருவனுடைய புலமைதான் காலாவதியானது.

"இவ்வளவு படிக்கிறீங்களே, உங்களுக்கு ஏத்த மாதிரி அதில ஒன்னுமே இல்லையா?" என்று ஒருநாள் மனைவி கேட்டாள். அக்கறையில் கேட்டதாகத் தெரியவில்லை. நான் பகல் முழுக்க வீட்டில் இருப்பதற்கு ஒரு முடிவு கட்ட வழியுண்டா என்பதுதான் கேள்வியின் உட்பொருள். சரி, முறையாகவே பார்த்துவிடலாம் என்று விளம்பரத்தை மேசைமேல் விரித்தேன்.

விரிவுரையாளர் பதவிக்கு முனைவர் பட்டம். அது இல்லை. ஸ்கோப்பஸ் பட்டியலிட்ட ஆய்விதழ்களில் கட்டுரைகள். அதுவும் இல்லை, கோயில் ஆண்டுமலரில் ஒரு நன்றியுரை உண்டு. வெளியார் நிதியில் நடத்திய ஆய்வுகள். என் மாமனார் நிதியில் வீட்டுப் பின்கட்டை இழுத்துக் கட்டியதைத் தவிர வேறில்லை. அடுத்தது எச் குறியீடு. "அது என்ன?" என்றாள்.

2005இல் ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் கொண்டுவந்த கணக்கு அது. ஒருவர் எத்தனை கட்டுரை எழுதினார் என்பது மட்டும் போதாது, எத்தனை பேர் அவற்றை மேற்கோள் காட்டினார்கள் என்றும் பார்க்க வேண்டும். பத்துக் கட்டுரைகள் ஒவ்வொன்றும் குறைந்தது பத்து முறை மேற்கோள் காட்டப்பட்டிருந்தால் எச் குறியீடு பத்து. ஒரே கட்டுரை ஆயிரம் முறை மேற்கோள் காட்டப்பட்டு, மற்றதெல்லாம் சீந்துவாரற்றுக் கிடந்தால் குறியீடு வெறும் ஒன்று. இதை அவளுக்கு விளங்கவைக்க, "நான் சொல்ற கதைங்களைச் சொந்தக்காரங்க எத்தனை தடவை திருப்பிச் சொல்றாங்கன்னு வச்சுக்கோ" என்றேன். சொல்லியிருக்கவே வேண்டாம். அவள் கணக்கில் புலி.

"தோட்டத்துல மேனேஜர் துரையை நீங்க எதிர்த்துப் பேசின கதை?"

"அது பெரிய கதையாச்சே."

"நீங்கதான் சொல்றீங்க. வேற யாரும் சொல்லிக் கேட்டதில்லை. தன்னைத் தானே மேற்கோள் காட்டினா சேருமா?"

சேர்த்துக்கொள்வதில் தகராறு உண்டு என்று ஒப்புக்கொண்டேன். சொந்தக் கட்டுரைகளையே திரும்பத் திரும்பச் சுட்டிக் குறியீட்டை ஊதிப் பெருக்கும் அறிஞர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். அதைக் கழித்துவிட்டுப் பார்க்கும் வழியும் வந்துவிட்டது. ஒவ்வொரு கதையாகக் கழித்துக்கொண்டே வந்தவள், கடைசியில் ஒன்றே ஒன்றில் நின்றாள். தைப்பூசத்துக்குப் பால்குடம் பார்க்கப் போய், புது வேட்டியோடு நான் சாலையோரக் காணில் விழுந்த கதை. அதைச் சொல்லாத உறவினர் ஜொகூரிலும் இல்லை, சிரம்பானிலும் இல்லை. சிங்கப்பூர் உறவினர்கள் வரைபடமே போட்டு விளக்குகிறார்கள். ஆக, ஏராளமான மேற்கோள்கள், ஒரே ஒரு படைப்பு. எச் குறியீடு ஒன்று.

இத்தனைக்கும் பிறகு, விளம்பரத்தின் பொதுத் தகுதிகளில் ஒன்று என்னிடம் இருந்தது. நிரந்தரப் பதவிக்கு வரும் மலேசியர் யாராக இருந்தாலும், எழுத்தராக இருந்தாலும் முனைவராக இருந்தாலும், பள்ளி இறுதியாண்டு எஸ்.பி.எம். தேர்வில் மலாய்மொழிப் பாடத்தில் கிரெடிட் வாங்கியிருக்க வேண்டும். நான் 1980இல் வாங்கியிருக்கிறேன். கணக்கில் என்ன வாங்கினேன் என்பதைப் பேச இது இடமில்லை.

அந்தக் கிரெடிட்டுக்கு இவ்வளவு மவுசு உண்டென்று எனக்குத் தெரியவந்தது மச்சான் மகனால். நல்ல பையன். ஜொகூர் பாருவில் வீடு, சிங்கப்பூரில் பள்ளிக்கூடம். கோழி கூவுமுன்னே எழுந்து, பேருந்தில் பாலம் கடந்து, முன்னிரவில் திரும்பி வருகிற எத்தனையோ பிள்ளைகளில் ஒருவனாக வளர்ந்தான். அங்கே தாய்மொழிப் பாடமாகத் தமிழ் எடுத்து முதல்தரமாகத் தேறினான். குடும்பமே பூரித்தது. பிறகு வெளிநாடு போய் நீரியலில், அதாவது ஆற்றில் வெள்ளம் எப்போது எவ்வளவு வரும் என்று முன்கூட்டியே கணிக்கும் துறையில், முனைவர் பட்டம் வாங்கி வந்தான். 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் கோத்தா திங்கி அடுத்தடுத்து மூழ்கியதைப் பார்த்தவன்; இங்கேயே இருந்து வேலை செய்ய ஆசை. எச் குறியீடு, ஸ்கோப்பஸ் எல்லாம் கைநிறைய வைத்திருந்தான். ஒரு பல்கலைக்கழக விளம்பரத்தை எடுத்துக்கொண்டு விண்ணப்பம் நிரப்ப உட்கார்ந்தவன், எஸ்.பி.எம். மலாய் என்ற கட்டத்துக்கு வந்ததும் எழுந்து தண்ணீர் குடித்தான். சிங்கப்பூரில் எஸ்.பி.எம். கிடையாது. தமிழ் படித்ததால் மலாயும் படிக்கவில்லை. கொஞ்சம் பேசுவான், மாமாக் கடையில் தே தாரிக் சொல்லுமளவுக்கு.

இதே துறைக்கு ஈரானிலிருந்தோ நைஜீரியாவிலிருந்தோ ஒருவர் ஒப்பந்தத்தில் வந்தால் எஸ்.பி.எம். கேட்கமாட்டார்கள். "மாமா, நான் வெளிநாட்டுக்காரனாப் பொறந்திருந்தா இந்நேரம் சேர்ந்திருப்பேன்" என்றான். எனக்கு அந்த விதி மேல் கோபமில்லை. நாட்டுக்கு ஒரு மொழி, அரசாங்கச் சம்பளத்துக்கு அந்த மொழி என்பதில் என்ன குறை? அதுவும் வீட்டிலேயே நான்தான் தகுதியுடையவன் என்று ஆகும்போது அந்த விதி இன்னும் நியாயமாகத் தெரிந்தது.

இஸ்கந்தர் புத்ரியில் நியூகாசல், சவுத்ஹாம்ப்டன், ரெடிங் என்று ஆங்கிலேயப் பல்கலைக்கழகங்களின் கிளைகள் வரிசையாக வந்துவிட்டனவே, அங்கே பார்க்கலாமே என்றேன். என் மச்சானுக்கு அரசாங்கத்தின் இரண்டு புலிகள் போட்ட கடிதத்தாள் வேண்டும். வேறு எதுவும் வேலையாகாது. சிங்கப்பூரிலேயே இருக்கலாம், ஒரு டாலருக்கு மூன்று வெள்ளிக்கு மேல் கிடைக்கிற காலம். ஆனால் காலை நாலரைக்கு மோட்டார் சைக்கிளில் சோதனைச்சாவடி வரிசையில் நிற்பவர்களைப் பார்த்தே வளர்ந்தவனுக்கு, அந்த வரிசையில் போய்ச் சேரத்தான் முனைவர் பட்டமா என்று தோன்றியிருக்க வேண்டும்.

தமிழ் படித்ததால் பல்கலைக்கழக வேலை போகிறதே என்று என் மனைவி புலம்பியபோது எனக்கு அப்பா நினைவு வந்தது. தமிழ் படித்தவனுக்குப் பல்கலைக்கழகத்தில் நாற்காலி வேண்டும் என்று இந்த மண்ணில் ஓர் இயக்கமே நடந்திருக்கிறது. மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய இயல் துறை தொடங்கவிருந்த 1950களில், அங்கே தமிழுக்கு உரிய இடம் வேண்டுமென்று சிங்கப்பூரில் 'தமிழ் முரசு' நடத்திய கோ. சாரங்கபாணி முனைந்து நின்றார். 'தமிழ் எங்கள் உயிர்' என்ற பெயரில் நிதி திரட்டினார். பால்மரம் வெட்டியவர்களும் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்களும் ஆளுக்கு ஒரு வெள்ளி கொடுத்தார்கள். துறை 1956இல் தொடங்கியது. பின்னர் அதற்குத் தலைமையேற்ற தனிநாயகம் அடிகள்தான் 1966இல் கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழ் மாநாட்டை நடத்திக் காட்டினார். ஒரு நாள் கூலியே இரண்டு மூன்று வெள்ளியாக இருந்த காலத்தில், தாங்கள் வாழ்நாளில் கால்வைக்கப் போகாத ஒரு கட்டடத்தில் யாரோ ஒருவர் உட்கார்ந்து தமிழ் சொல்லித்தர வேண்டும் என்பதற்காக அவர்கள் கொடுத்தார்கள். விளம்பரத்தில் இப்போதெல்லாம் வெளியார் நிதி என்று கேட்கிறார்களே, அதை இவர்கள் அப்போதே திரட்டியிருக்கிறார்கள். அப்பாவும் ஒரு வெள்ளி கொடுத்தாராம். சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். அந்தக் கணக்கில் மலாயாப் பல்கலைக்கழக நூலகத்து நாற்காலி ஒன்றின் ஒரு காலாவது எங்கள் குடும்பச் சொத்து. யாராவது தடுத்தால் சொல்லலாம் என்று வைத்திருக்கிறேன், இதுவரை யாரும் தடுக்கவில்லை. நானும் போனதில்லை.

மச்சான் மகன் தனியார் பரீட்சார்த்தியாக எஸ்.பி.எம். மலாய்த்தாள் எழுதுவது என்று முடிவானது. பயிற்றுநர் பொறுப்பை நான் ஏற்றேன். சம்பளமில்லை, கிரேடுமில்லை, இருந்தாலும் முனைவர் ஒருவருக்கு மேற்பார்வையாளராக இருக்கும் பேறு எத்தனை ஸ்தோர் கிராணிக்குக் கிட்டும்? முதல் பயிற்சிக் கட்டுரைக்கு அவனுக்கு வசதியாகவே தலைப்புக் கொடுத்தேன்: வெள்ளத்தைத் தடுக்கும் வழிகள். எழுதிக்கொண்டு வந்தான். படித்தால் தலை சுற்றியது. எந்த வரியிலும் எதையும் உறுதியாகச் சொல்லவில்லை. மழை பெய்தால் வெள்ளம் வரக்கூடும், ஆயினும் அது மண்ணைப் பொறுத்தது. மண்ணைப் பற்றிப் போதிய தரவு இல்லை. எனவே மேலும் ஆய்வு தேவை. கடைசிப் பத்தியில் ஒரு சமன்பாடு வேறு.

வேலி ஓரம் நின்ற பாக்சிக்கைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தார். பேரப்பிள்ளைகள் நான்கைந்து பேரை எஸ்.பி.எம். கரையேற்றியவர். "டாக்டர்," என்றார் மரியாதையாக, "தேர்வில் சந்தேகப்படக் கூடாது. மக்கள் குப்பையைக் கொட்டுகிறார்கள், அதனால் வெள்ளம் வருகிறது. நடுவில் ஒரு பழமொழி. மழைக்கு முன்னே குடையைத் தயார் செய் என்று இருக்கிறதே, அது போதும். கடைசியில் என்ன எழுதுவாய்?"

"மேலும் ஆய்வு தேவை."

"இல்லை. எல்லாத் தரப்பினரும் ஒத்துழைக்க வேண்டும். எந்தத் தலைப்பு வந்தாலும் அதுதான் முடிவு. போதைப்பொருளா, ஒத்துழைக்க வேண்டும். சாலை விபத்தா, ஒத்துழைக்க வேண்டும்."

முனைவர் குறிப்பெடுத்துக்கொண்டார்.

பள்ளிச் சீருடைப் பிள்ளைகளுக்கு நடுவே, முன்நெற்றி ஏறிய ஒரே ஆளாக உட்கார்ந்து எழுதிவிட்டு வந்தான். மண்டபத்துக்குள் நுழைந்தபோது பிள்ளைகள் எல்லாம் எழுந்து நின்று வணக்கம் சொன்னார்களாம், கண்காணிக்க வந்த ஆசிரியர் என்று நினைத்து. கிரெடிட் வந்தது, அதற்கும் மேலேயே வந்தது. ஆனால் அதற்குள் அந்த நிரந்தரப் பதவிக்கான விளம்பரம் முடிந்து, அடுத்து வந்ததில் வேறு துறை கேட்டிருந்தார்கள். இப்போதைக்கு முதுமுனைவர் ஆய்வாளராக ஒப்பந்தத்தில் ஓரிடத்தில் இருக்கிறான்.

இந்த ஒப்பந்தம் என்பதுதான் ஆராய்ச்சிப் பல்கலைக்கழகத்தின் உள்கதை. வெளியில் இருந்து பார்க்கும் நமக்குப் பேராசிரியர்கள்தான் ஆராய்ச்சி செய்கிறார்கள் என்று நினைப்பு. அவர்கள் மானியத்துக்கு எழுதிப்போட்டு, கூட்டத்துக்குப் போய், அறிக்கை நிரப்புகிறார்கள். சோதனைக் குழாயைப் பிடித்துக்கொண்டு நிற்பவர்கள் ஆய்வு உதவியாளர்கள். மானியம் இரண்டு வருஷம் என்றால் இவர்கள் வேலையும் அதற்குள்தான். மானியம் முடிந்தால் அடுத்த பேராசிரியர், அடுத்த மானியம், அடுத்த துறை. என் மாடி அறையில் கெடாவிலிருந்து வந்த ஒரு தம்பி இருக்கிறான். வந்தபோது செம்பனைக் கழிவில் ஆராய்ச்சி செய்தான். பிறகு ட்ரோன். இப்போது முதியோர்கள் ஏன் கீழே விழுகிறார்கள் என்பதில் இருக்கிறான். வாடகையைத் தாமதமாகத்தான் தருகிறான். சம்பளம் வருவதே தாமதம் என்கிறான். நான் கூட்டிய இருபது வெள்ளியை அவனுக்கு மட்டும் குறைத்துவிட்டேன். மனைவிக்குத் தெரியாது.

போன மாதம் அவன் தயங்கித் தயங்கிக் கீழே வந்தான். "அங்கிள், எங்க ஆய்வுக்கு ஆள் கிடைக்க மாட்டேங்குது. அறுபது வயசுக்கு மேல இருக்கணும். துணையில்லாம நடக்கணும். முழங்கால் வலி இருந்தா ரொம்ப நல்லது."

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். இத்தனை வருஷமாக எத்தனை விளம்பரம் படித்திருக்கிறேன், ஒவ்வொரு தகுதியும் எனக்கென்றே அளவெடுத்துத் தைத்த மாதிரி வந்தது இதுதான் முதல் முறை. "முன்னாடி விழுந்த அனுபவம் வேணுமா?" என்றேன். இருந்தால் கூடுதல் சிறப்பு என்றான். மனைவி சமையலறையிலிருந்து, "தைப்பூசக் கதையைச் சொல்லுங்க!" என்று குரல் கொடுத்தாள். இன்னொரு மேற்கோள்.

எஸ்.பி.எம். சான்றிதழைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு எடுத்துக்கொண்டே போனேன். யாரும் கேட்கவில்லை, நானாகவே மேசைமேல் வைத்தேன். அவர்கள் சம்மதப் படிவம் ஒன்றைத் தந்தார்கள். மனிதர்களை வைத்துச் செய்கிற ஆய்வுக்கு நெறிக்குழு அனுமதி வேண்டுமாம். எனக்கு எந்தத் தீங்கும் வராது என்று பக்கம் பக்கமாக உறுதி எழுதியிருந்தது. என் கல்யாணத்தின்போது இப்படி ஒரு காகிதத்தை யாரும் நீட்டவில்லை. கணுக்காலிலும் முழங்காலிலும் இடுப்பிலும் உணர்கருவிகளை ஒட்டி, ஒரு பாதையில் நடக்கவிட்டார்கள். நடந்தேன். திரும்பச் சொன்னார்கள், திரும்பினேன். திரும்பும்போது "ஐயோ" என்றேன். நான்கு பேர் ஒரே நேரத்தில் கணினியைப் பார்த்தார்கள். என் வாழ்நாளில் நான் சொன்ன எதையும் அவ்வளவு பேர் அவ்வளவு கவனமாகக் கேட்டதில்லை.

வீட்டுக்கு வந்ததும் மனைவி விசாரணையைத் தொடங்கினாள்.

"வேலை நிரந்தரமா, ஒப்பந்தமா?"

"ரெண்டு மணி நேரம்."

"சம்பளம்?"

"பேரங்காடிக்கு ஐம்பது வெள்ளி பற்றுச்சீட்டு. நாசி லெமாக் தனி."

"கிரேடு?"

"பங்கேற்பாளர்னு எழுதியிருக்காங்க. ஆறு மாசம் கழிச்சு மறுபடியும் கூப்பிடுவாங்களாம். வலி எப்படி மாறுதுன்னு பார்க்கணுமாம். குணமாயிட்டா அடுத்த கட்டத்துக்குச் சேர்த்துக்க மாட்டாங்க."

அவள் பற்றுச்சீட்டை விளக்கில் காட்டிப் பார்த்து, மடித்துக் கைப்பையில் வைத்தாள். பிறகு என் கட்டிலருகே இருந்த தைலப் போத்தலை எடுத்துப்போய், எனக்கு எட்டாத மேல்தட்டில் வைத்துவிட்டு வந்தாள்.